குழந்தை பிறந்து 10 வாரமாகியும் பாசம் வரவில்லை, பயங்கரமான எண்ணங்கள் வருகின்றன. டாக்டரிடம் சொல்லலாமா?

நீங்கள் முக்கியமாகக் கேட்டிருப்பது மூன்று கேள்வி. குழந்தை பிறந்து 10 வாரமாகியும் அதன் மேல் பாசம் வரவில்லை, இது தானாகச் சரியாகிவிடுமா? மாத்திரை சாப்பிட்டால் தாய்ப்பாலை நிறுத்த வேண்டுமா? குழந்தையைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி இறங்கும்போது கீழே போட்டுவிடுவது போல மனதில் காட்சி ஓடுகிறதே, அதை டாக்டரிடம் சொன்னால் குழந்தையைப் பிரித்துவிடுவார்களா? கூடவே, ஏழாம் மாதத்திலிருந்தே காரணம் தெரியாமல் அழுதுகொண்டிருந்ததாகவும், பக்கத்திலேயே இருக்கும் அம்மாவிடம்கூட இதைச் சொல்லவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். திரும்பத் திரும்பப் படித்ததில் எனக்குப் புரிந்தது, நீங்கள் உண்மையில் கேட்பது ஒன்றுதான்: 'நான் என் குழந்தைக்கு ஆபத்தானவளா, இதை வாய்விட்டுச் சொன்னால் என்ன ஆகும்?' அதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், மற்றதை அப்புறம் பார்க்கலாம்.

நான் மனநல மருத்துவர். மகப்பேறு வார்டிலிருந்து அனுப்பி வைக்கப்படும் பெண்களை அரசு மருத்துவமனை ஓ.பி.யில் பல வருடங்களாகப் பார்த்து வருகிறேன். உங்களை நேரில் பார்க்காமல் இன்ன நோய் என்று சொல்ல முடியாது, மருந்து எழுதவும் முடியாது. ஆனால் நீங்கள் எழுதியதை வைத்தே சில விஷயங்களை உறுதியாகச் சொல்லலாம். மாடிப்படி, அரிவாள்மனை, கிணற்றடி, அடுப்பில் கொதிக்கிற வெந்நீர் என்று எதையாவது பார்த்ததும் நம் கையாலேயே குழந்தைக்கு ஏதோ ஆகிவிடுவது போல ஒரு காட்சி வந்து போவது, பிள்ளை பெற்றவர்களிடம் மிகச் சாதாரணமான விஷயம். கனடாவில் முதல் குழந்தை பெற்ற தாய்மார்களிடம் இதை வெளிப்படையாகக் கேட்டுப் பார்த்தார்கள். குழந்தைக்குத் தவறுதலாக ஏதாவது நேர்ந்துவிடுமோ என்ற எண்ணம் ஏறக்குறைய எல்லோருக்குமே வந்திருந்தது, தானே தீங்கு செய்துவிடுவது போன்ற எண்ணம் கிட்டத்தட்டப் பாதிப் பேருக்கு வந்திருந்தது. மனச்சோர்வோ பதற்றமோ இருக்கும்போது இந்த எண்ணம் அடிக்கடி வரும், போகாமல் ஒட்டிக்கொண்டு நிற்கும். வந்ததும் நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்பதைத்தான் நாங்கள் கவனிப்போம். குழந்தையோடு படி இறங்குவதையே விட்டுவிட்டேன், கத்தியைப் பரண்மேல் வைத்துவிட்டேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த எண்ணம் உங்களுக்கு அருவருப்பாக இருக்கிறது, அதைக் கண்டு நடுங்குகிறீர்கள். இப்படி நடுங்குகிறவர்கள் அதன்படி நடந்துகொள்வது மிக மிக அரிது, பயந்து பயந்து குழந்தையை அதிகமாகப் பாதுகாப்பவர்கள்தான் இவர்கள்.

சரி, சொன்னால் குழந்தையைப் பிரித்துவிடுவார்களா? இந்த எண்ணத்தைச் சொன்னதற்காக எந்த மனநல மருத்துவரும் அப்படிச் செய்ய மாட்டார், இதைக் கேட்டுக் கேட்டுப் பழகியவர்கள் நாங்கள். சட்டமும் உங்கள் பக்கம்தான் இருக்கிறது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், ஒரு தாய் மனநல மருத்துவமனையில் உள்நோயாளியாகவே சேர்ந்தாலும் மூன்று வயதுக்குட்பட்ட அவளுடைய குழந்தையைச் சாதாரணமாக அவளிடமிருந்து பிரிக்கக் கூடாது என்கிறது. குழந்தைக்கு ஆபத்து என்று மருத்துவர் கருதித் தற்காலிகமாகப் பிரித்தால்கூட 15 நாளுக்கு ஒருமுறை அந்த முடிவை மறுபடி பார்க்க வேண்டும். பெங்களூருவில் உள்ள நிம்ஹான்ஸ் என்ற மத்திய அரசு மனநல மருத்துவமனையில் தாயும் குழந்தையும் சேர்ந்தே தங்கிச் சிகிச்சை பெறுவதற்கென்று தனி வார்டு இருக்கிறது. நீங்கள் டாக்டரிடம் பேசுவதை ரகசியமாக வைத்திருப்பதும் உங்களுக்குள்ள உரிமை. 'பைத்தியம்னு முத்திரை குத்தி வாழாவெட்டியா அனுப்பிருவாங்களோ' என்ற பயம் எங்கள் ஓ.பி.யில் உட்காரும் பாதிப் பெண்களுக்கு இருக்கிறது, அதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. யாரிடம் என்ன சொல்வது என்பதை உங்கள் டாக்டரோடு சேர்ந்து நீங்களே தீர்மானிக்கலாம்.

எங்களைப் பதற வைக்கும் நிலைகள் வேறு இரண்டு. அவற்றையும் எழுதிவிடுகிறேன், உங்களுக்கு இல்லாவிட்டாலும் இதைப் படிக்கும் வேறு யாருக்காவது தேவைப்படும். ஒன்று, பிரசவத்துக்குப் பிந்தைய மனப்பிறழ்வு (postpartum psychosis). ஆயிரம் பிரசவத்தில் ஒன்று அல்லது இரண்டு பேருக்கு வரும், பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்துக்குள்ளேயே. குழந்தை தூங்கினாலும் தாய் தூங்க மாட்டாள், தூக்கமே தேவையில்லை என்பாள், பேச்சு கோர்வையாக இருக்காது, யாரோ காதில் பேசுவதாகச் சொல்வாள், இது என் குழந்தையே இல்லை, மாற்றிவிட்டார்கள் என்றோ இந்தக் குழந்தை தெய்வம் என்றோ பிசாசு என்றோ நம்புவாள். முக்கியமாக, அந்த நம்பிக்கை அவளுக்குத் தவறாகவே தோன்றாது. வீட்டில் 'பச்சை உடம்பு, காத்து கருப்பு பட்டிருக்கும்' என்று முதலில் கோயிலுக்கோ மந்திரிக்கிறவரிடமோ கூட்டிப் போவார்கள். கயிறு கட்டுவதை நான் தடுப்பதில்லை, ஆனால் அன்றைக்கே மருத்துவமனைக்கும் வந்தாக வேண்டும், அதுவரை தாயையும் குழந்தையையும் தனியாக விடக் கூடாது. இரண்டாவது, மனச்சோர்வு மிகவும் முற்றி, 'நான் இல்லாவிட்டால் இது கஷ்டப்படும், இரண்டு பேருமே போய்ச் சேர்ந்துவிடலாம்' என்பது நியாயமான வழியாகவே தோன்ற ஆரம்பிப்பது. படிக்கட்டுக் காட்சி உங்களைப் பயமுறுத்துகிறது. இந்த எண்ணம் அப்படிப் பயமுறுத்தாது, ஆறுதல் போல வரும். அப்படி ஒரு எண்ணம் உங்களுக்கு வந்திருந்தாலோ வந்தாலோ, காலைவரைகூடக் காத்திருக்காமல் பக்கத்தில் இருப்பவரை எழுப்பிச் சொல்லுங்கள், அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்.

தானாகச் சரியாகிவிடுமா என்ற கேள்விக்கு வருகிறேன். குழந்தை பிறந்த இரண்டாம் மூன்றாம் நாளில் ஆரம்பித்து, சிரிப்பும் அழுகையும் மாறி மாறி வந்து, இரண்டு வாரத்துக்குள் தானாக அடங்கிவிடும் ஒரு நிலை உண்டு. பாதிக்கும் மேற்பட்ட தாய்மார்களுக்கு அது வரும், அதற்கு மருந்து தேவையில்லை, நல்ல துணையும் தூக்கமும் போதும். உங்கள் அம்மா 'எல்லாருக்கும் இப்படித்தான் இருக்கும், எனக்கும் இருந்துச்சு' என்று சொன்னால் அநேகமாக இதை நினைத்துச் சொல்கிறார். ஆனால் உங்களுக்கு 10 வாரம் ஆகிவிட்டது, அதுவும் ஏழாம் மாதத்திலேயே ஆரம்பித்திருக்கிறது. இது அந்தக் கணக்கில் வராது. பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வு என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி பிரசவத்துக்கு முன்பே தொடங்கிவிடுகிறது. 2013-இல் அமெரிக்காவில் 10,000 தாய்மார்களைப் பரிசோதித்த ஓர் ஆய்வில், மனச்சோர்வுக்கான அறிகுறிகள் இருந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கினருக்குக் கர்ப்பத்தின்போதே தொடங்கியிருந்தது, கால்வாசிப் பேருக்கு அதற்கும் முன்பிருந்தே இருந்தது. நம் ஊரில் கர்ப்பகாலத்து மனச்சோர்வை யாரும் கண்டுகொள்வதே இல்லை. ஒவ்வொரு செக்கப்பிலும் எடை பார்ப்பார்கள், பிரஷர் பார்ப்பார்கள், ரத்தம் எடுப்பார்கள், மனசு எப்படி இருக்கிறது என்று கேட்க ஆளில்லை. வளைகாப்பில் கை நிறைய வளையல் போட்டு உட்கார வைத்திருக்கும்போது எனக்கு வாழவே பிடிக்கவில்லை என்று யாரிடம் சொல்வது? அழுதால் 'வாயும் வயிறுமா இருக்கிறவ அழக் கூடாது, குழந்தைக்கு ஆகாது' என்பார்கள். அன்பில்தான் சொல்கிறார்கள், ஆனால் அழுகிறவளுக்கு அது இன்னொரு குற்ற உணர்ச்சியாகப் போய் முடிகிறது, அன்றிலிருந்து அவள் மறைக்கக் கற்றுக்கொள்கிறாள். உங்கள் மறைத்தலும் அங்கே ஆரம்பித்ததுதான் என்று நினைக்கிறேன்.

இது எத்தனை பேருக்கு வருகிறது? இந்தியாவில் நடந்த 38 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த கட்டுரை ஒன்று 2017-இல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் வந்தது. அதன்படி 22 சதவீதத் தாய்மார்களுக்கு இருக்கிறது, அதாவது ஐந்தில் ஒருவருக்கு. ஆய்வுக்கு ஆய்வு இந்த எண்ணிக்கை நிறைய மாறுகிறது என்பதால் 22 என்பதை அப்படியே பிடித்துக்கொள்ள வேண்டாம். வேலூர்ப் பக்கத்துக் கிராமங்களில் பெண்களைக் கர்ப்பத்தின் கடைசி மாதங்களிலிருந்து பின்தொடர்ந்த ஆய்வு 2002-இல் வெளியானது. அதில் புதிதாக மனச்சோர்வு வந்தவர்கள் 11 சதவீதம். அந்த ஆய்வில் எனக்கு முக்கியமாகப் படுவது, யாருக்கு வந்தது என்று அவர்கள் எழுதியிருப்பதுதான். வருமானம் குறைந்தவர்கள், மாமியாரோடும் பெற்றோரோடும் உறவு சரியில்லாதவர்கள், கைக்கு உதவி இல்லாதவர்கள், பையனை எதிர்பார்த்த இடத்தில் பெண் பிறந்தவர்கள். பெண் குழந்தை என்று தெரிந்ததும் மாமியார் போனை வைத்துவிட்டார் என்று நீங்கள் எழுதியிருந்ததைப் படித்தபோது இதுதான் நினைவுக்கு வந்தது. அந்த மௌனம் உங்கள் உடம்பில் போய்த் தங்கியிருக்கிறது. அதை உங்கள் பலவீனமாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

ஓ.பி.க்கு வரும் பெண்கள் யாரும் 'எனக்கு மனச்சோர்வு' என்று சொல்லிக்கொண்டு வருவதில்லை. தலைவலி, நெஞ்சுப் படபடப்பு, உடம்பெல்லாம் எரிச்சல், பால் ஊறவில்லை என்றுதான் ஆரம்பிப்பார்கள். கொஞ்சம் பேசவிட்டால், 'நெஞ்சு கல்லாப் போச்சு டாக்டர்', 'பக்கத்து வீட்டுக் குழந்தையைப் பார்த்துக்கிற மாதிரி இருக்கு', 'பால் கொடுக்கிறேன், குளிப்பாட்டுறேன், ஆனா எதுவும் உள்ள போகல' என்று வரும். பாசம் வரவில்லை என்பதுதான் எல்லாவற்றிலும் வெட்கத்தோடு சொல்லப்படுவது, அது அநேகமாகக் கடைசியில், எழுந்து கிளம்பும்போது வரும். மனச்சோர்வு எந்த உணர்ச்சியையும் மழுங்கடித்துவிடும். பிடித்த சாப்பாடு ருசிக்காது, பிடித்த பாட்டு கேட்கத் தோன்றாது, அதே வரிசையில்தான் குழந்தையும் மனதுக்கு எட்டாமல் போகிறது. மனச்சோர்வு இல்லாத தாய்மார்களில்கூட நிறையப் பேருக்குப் பாசம் வாரக்கணக்கில் மெல்லத்தான் வளர்கிறது. சிகிச்சையில் மற்ற அறிகுறிகள் குறையக் குறைய இதுவும் திரும்புவதைத் தொடர்ந்து பார்த்திருக்கிறேன். பாசம் வரவில்லை என்று எழுதிய நீங்கள்தான் ராத்திரி மூன்று மணிக்கும் எழுந்து பால் கொடுக்கிறீர்கள் என்பதையும் அதே பதிவில் எழுதியிருக்கிறீர்கள்.

ஏன் வருகிறது என்பதில் தெரிந்ததும் இருக்கிறது, தெரியாததும் இருக்கிறது. நஞ்சுக்கொடி வெளியே வந்ததும் ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் இரண்டும் சில நாட்களுக்குள் சரேலென்று விழுந்துவிடும். இது எல்லாப் பெண்களுக்கும் நடக்கிறது, ஆனால் எல்லோருக்கும் மனச்சோர்வு வருவதில்லை. 2000-இல் ஒரு சின்னப் பரிசோதனை நடந்தது. முன்பு பிரசவத்துக்குப் பின் மனச்சோர்வு வந்திருந்த 8 பேர், வராத 8 பேர், இரு குழுவுக்கும் அந்த ஹார்மோன்களை ஏற்றி இறக்கிப் பார்த்தார்கள். முன்பு வந்தவர்களில் 5 பேருக்கு மனநிலை சரிந்தது, மற்றவர்களில் ஒருவருக்குக்கூட இல்லை. ஆக, சில உடம்புகள் இந்த ஏற்ற இறக்கத்தைத் தாங்க மாட்டாமல் போகின்றன. யாருடைய உடம்பு என்று முன்கூட்டிச் சொல்ல இன்னும் பரிசோதனை எதுவும் இல்லை. உறுதியாகச் சொல்ல முடிவது, முன்பே மனச்சோர்வு வந்தவர்களுக்கு வாய்ப்பு அதிகம், வீட்டுச் சூழல் பெரிய காரணம், தூக்கமின்மை எதையும் மோசமாக்கும். இன்னொன்று, தைராய்டு பரிசோதனை செய்யாமல் விடாதீர்கள். பிரசவத்துக்குப் பிறகு தைராய்டு தடுமாறுவது அடிக்கடி நடப்பதுதான், அதன் சோர்வும் மனச்சோர்வும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். ஹீமோகுளோபினும் பாருங்கள், நம் நாட்டில் கர்ப்பிணிகளில் பாதிக்கும் மேல் ரத்தசோகை உள்ளவர்கள்.

மாத்திரையும் தாய்ப்பாலும். இதைப் பற்றித்தான் தவறான பேச்சு அதிகம் உலவுகிறது. லேசான, நடுத்தர மனச்சோர்வுக்கு மாத்திரை இல்லாமல், முறையான பேச்சு சிகிச்சை மட்டுமே போதுமானதாக இருக்கலாம். பாகிஸ்தானின் ராவல்பிண்டி கிராமங்களில், மனநலப் படிப்பு எதுவும் இல்லாத பெண் சுகாதாரப் பணியாளர்களுக்குப் பயிற்சி கொடுத்து வீடு வீடாக அனுப்பிப் பேச வைத்தார்கள். 2008-இல் அதன் முடிவு வெளியானது. குழந்தைக்கு ஆறு மாதம் ஆனபோது, சாதாரண வருகை மட்டும் கிடைத்த தாய்மார்களில் 53 சதவீதம் பேருக்கு மனச்சோர்வு நீடித்தது, இந்தப் பயிற்சி பெற்றவர்கள் போய்ப் பேசியவர்களில் 23 சதவீதம்தான். நம் ஊர்க் கிராம சுகாதார செவிலியர்களாலும் இதைச் செய்ய முடியும் என்று நான் முழுமனதாக நம்புகிறேன். மனச்சோர்வு கடுமையாக இருந்தாலோ, நெடுநாள் நீடித்தாலோ மாத்திரை தேவைப்படும், உங்கள் விஷயத்தில் அதைப் பற்றிப் பேச வேண்டியிருக்கலாம். தாய்ப்பால் கொடுப்பவர்களுக்கு நாங்கள் பெரும்பாலும் முதலில் யோசிப்பது செர்ட்ராலின். அது பாலில் போகும் அளவு மிகவும் குறைவு, குழந்தைகளின் ரத்தத்தில் பெரும்பாலும் அளக்க முடியாத அளவுக்குத்தான் இருக்கிறது. அதற்காகப் பால் நிறுத்தச் சொல்ல வேண்டியதில்லை. குழந்தை குறைமாதத்தில் பிறந்ததென்றால் கட்டாயம் டாக்டரிடம் சொல்லுங்கள், அப்போது கூடுதலாகக் கவனிக்க வேண்டியிருக்கும். மாத்திரை அன்றைக்கே வேலை செய்யாது, இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். முதல் வாரத்தில் வயிற்றுப் புரட்டலும் கொஞ்சம் படபடப்பும் இருக்கலாம், பலர் அங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். குணமான பிறகும் குறைந்தது ஆறு மாதமாவது தொடர வேண்டும். அப்புறம், வாழ்க்கையில் எப்போதாவது தூக்கமே இல்லாமல் பல நாள் ஏகப்பட்ட உற்சாகத்தில், அளவுக்கு மீறிய பேச்சும் செலவுமாக இருந்ததுண்டா, குடும்பத்தில் யாருக்காவது அப்படி உண்டா என்று யோசித்துப் பார்த்துச் சொல்லுங்கள். இருந்தால் மருந்தே வேறு. பிரசவ லேகியம், பத்தியம் இவற்றால் மனச்சோர்வு போகும் என்பதற்கு ஆதாரம் இல்லை, லேகியம் சாப்பிடுவதை நான் தடுக்கவில்லை, ஆனால் பத்தியம் என்ற பெயரில் வயிறு காயப் போடுவதைத் தடுப்பேன்.

வீட்டில் செய்யக் கூடியதில் எதற்கும் மேலானது, தொடர்ந்து நான்கைந்து மணி நேரத் தூக்கம். இரவில் ஒரு வேளைப் பாலை முன்கூட்டியே பிழிந்து ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு, அந்த வேளையை அம்மாவோ கணவரோ பார்த்துக்கொள்ளட்டும். குழந்தையைக் காலில் போட்டு எண்ணெய் தேய்ப்பது தாய்க்கும் குழந்தைக்கும் நெருக்கத்தைக் கூட்டுகிறது என்று சில சின்ன ஆய்வுகள் சொல்கின்றன, அவற்றை வைத்து நிச்சயம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் முடிகிற நாளில் பாட்டி குளிப்பாட்டும்போது நீங்களும் கூட உட்கார்ந்து செய்து பாருங்கள். முடியாத நாளில் விட்டுவிடுங்கள். உங்கள் கணவர் சனி ஞாயிறு மட்டும் வந்து போகிறார் என்கிறீர்கள். அவரிடம் இந்தப் பதிலைப் படிக்கக் கொடுங்கள். 'எல்லாம் இருக்கு, உனக்கு என்ன குறை' என்று கேட்பதை மட்டும் அவர் நிறுத்தினாலே பாதி பாரம் குறையும். அடுத்த முறை வரும்போது ஓ.பி.க்குக் கூட வரட்டும், உள்ளே நீங்கள் தனியாகப் பேசும் நேரத்தில் குழந்தையை வெளியே அவர் வைத்திருக்கட்டும், அவர் அம்மாவிடம் பேச வேண்டியதை அவரே பேசட்டும். புதிதாக அப்பா ஆனவர்களிலும் பத்தில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது, குழந்தைக்கு மூன்று முதல் ஆறு மாதம் ஆகும்போது அது அதிகம். ஆண்களிடம் அது எரிச்சலாகவும் குடியாகவும் வெளிப்படும்போது யாரும் நோய் என்று நினைப்பதில்லை.

குழந்தையை இது பாதித்துவிட்டதா என்று கடைசி வரியில் கேட்டிருந்தீர்கள். சிகிச்சை இல்லாமல் மாதக்கணக்கில் நீளும் கடுமையான மனச்சோர்வு குழந்தையின் எடையையும் வளர்ச்சியையும் பாதிக்கக் கூடும், கோவாவில் நடந்த ஆய்விலும் இது தெரிந்தது. ஆனால் வறுமை, நோய்த்தொற்று இவற்றிலிருந்து தாயின் மனநிலையை மட்டும் பிரித்து எவ்வளவு என்று அளப்பது கஷ்டம், தனி ஒரு குழந்தையைக் காட்டி இது இதனால்தான் என்று யாராலும் சொல்ல முடியாது. 10 வாரத்தில் கேட்கிறீர்கள், தாமதம் ஆகிவிடவில்லை.

எங்கே போவது? மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ் மனநல ஓ.பி. இருக்கிறது, மாத்திரையும் இலவசம். அவ்வளவு தூரம் போக முடியாவிட்டால் குழந்தைக்குத் தடுப்பூசி போடும் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முதலில் சொல்லலாம். 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. தற்கொலைத் தடுப்பு அமைப்பான சென்னை சினேகாவின் எண் 044-24640050, இலங்கையில் இருந்து படிப்பவர்களுக்கு மனநல உதவி எண் 1926. ஓ.பி.யில் ஒருவேளை பத்துக் கேள்விகள் உள்ள ஒரு தாளைக் கொடுப்பார்கள். எடின்பரோ அளவுகோல் என்று பெயர், 1987-இல் உருவானது, தமிழிலும் இருக்கிறது. கடந்த ஏழு நாளில் எப்படி இருந்தீர்கள் என்று கேட்கும். பத்தாவது கேள்வி தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் பற்றியது. அதை மாற்றிக் குறிக்காதீர்கள். மதிப்பெண் அதிகம் வந்தால் நோய் உறுதி என்று அர்த்தமில்லை, அதற்குப் பிறகு டாக்டர் பேசித்தான் முடிவு செய்வார். பேச்சு எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாவிட்டால் இங்கே எழுதியதையே போனில் எடுத்துக் காட்டுங்கள். 'ஏழாம் மாசத்துல இருந்து இப்படி இருக்கு, குழந்தையைப் பத்திப் பயங்கரமான எண்ணம் வருது, அது வந்தா நடுங்குறேன்' என்று சொன்னால் போதும், மீதியைக் கேட்பது எங்கள் வேலை.

இன்னொரு விஷயம். ஐந்தாம் மாதம் தொட்டில், துணிமணியோடு மாமியார் வீட்டுக்குக் கிளம்புவதாக எழுதியிருக்கிறீர்கள். எங்கள் ஓ.பி.யில் சிகிச்சை அறுந்துபோவது பெரும்பாலும் அந்த நேரத்தில்தான். ஊர் மாறும், டாக்டர் மாறுவார், புது வீட்டில் எல்லார் முன்பும் மாத்திரை போட முடியாது, சரியாகத்தானே இருக்கிறோம் என்று நிறுத்திவிடுவார்கள். கிளம்பும் தேதியை டாக்டரிடம் முன்பே சொல்லி, இரண்டு மாத மாத்திரையும், என்ன மருந்து, என்ன அளவு, எப்போது ஆரம்பித்தது என்று எழுதிய சீட்டும் வாங்கிக்கொள்ளுங்கள். முடிந்தால் போவதையே ஒரு மாதம் தள்ளிப் போடுங்கள், டாக்டர் சொன்னார் என்று சொல்லுங்கள், அந்தப் பேச்சைக் கேட்டுக்கொள்ள நாங்கள் இருக்கிறோம். பிற்பாடு இன்னொரு குழந்தை வேண்டும் என்று தோன்றினால் கர்ப்பம் தரிக்கும் முன்பே அந்தச் சீட்டோடு மனநல மருத்துவரைப் பாருங்கள், ஒருமுறை வந்தவர்களுக்கு மறுபடி வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம் என்பதால் முன்கூட்டியே திட்டம் போட்டுவிடலாம்.